ஓரத்தில் நின்ற அமினோ அமிலம்

இந்தக் கதையில் குருவைவிடச் சிஷ்யைக்கு எட்டு வயது கூடுதல். மூட்டுவலி வேறு.

செண்பகவடிவு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேரமாக ஆராய்ச்சி செய்கிறவள். கெடு முடியப்போகிறது. அன்று மத்தியானம் அவள் பல்கலைக்கழகத்துக்கு வந்ததே, "போதும் சார், ஆளை விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போகத்தான்.

வழிகாட்டி ஜெபராஜ், அவள் மேஜையில் போட்ட சோதனைப் படத்தைப் பார்த்தார்.

"என்னாச்சு மேடம்?"

"கெட்டுப்போச்சு சார்."

அவளுடைய நொதி ஒரு பாக்டீரியாவினுடையது. ஒழுங்கான பிள்ளை. செல்லுக்குள் எத்தனை ஆர்.என்.ஏ. மொய்த்தாலும் ஒன்றே ஒன்றைத் தேடிப் பிடித்து, அதில் ஒரு சின்ன வேதிக் குறி வைக்கும். மற்றதைத் தொடாது. அந்தக் குறி வைக்கிற குழியின் ஓரத்தில் ஒரு அமினோ அமிலம் இருந்தது. வினையில் அதற்கு ஒரு பங்கும் கிடையாது. சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது, எடுத்துவிட்டால் நொதி இன்னும் சுறுசுறுப்பாகும் என்று செண்பகவடிவு கணக்குப் போட்டாள். அந்த இடத்தில் வேறொன்றை வைத்தாள்.

"இப்ப எந்த ஆர்.என்.ஏ. வந்தாலும் உள்ள விட்டுடுது சார். எல்லாத்துக்கும் குறி வைக்குது. அது பார்க்கவேண்டிய ஆர்.என்.ஏ. மட்டும் பாதிக்குமேல அப்படியே கிடக்கு."

கைபேசி அடித்தது. கல்லூரித் துறைத்தலைவர்.

"ஞாயித்துக்கிழமை முகாமா? சரி சார். பரவாயில்ல, நான் பாத்துக்கறேன்."

வைத்ததும் கதவோரம் ஒரு தலை எட்டிப் பார்த்தது. ஆய்வகத்தில் கூடப் படிக்கிற பெண்.

"அக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு. என் சாம்பிளைக் கொஞ்சம் எடுத்து ஃப்ரிட்ஜில வச்சிடறீங்களா?"

"நீ கிளம்பு. நான் பாத்துக்கறேன்."

மறுபடியும் கைபேசி. நாத்தனார். பெண் பார்க்க வருகிறார்களாம், பலகாரத்துக்கு இவள்தான் வரவேண்டுமாம்.

"வந்துடறேன் மதினி. வராம இருப்பனா?"

ஜெபராஜ் பார்த்துக்கொண்டிருந்தார். செண்பகவடிவுக்குக் கால் கடுத்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். எதற்கென்றே தெரியாமல் கண் கலங்கியது, வெட்கமாகப் போய்விட்டது.

"எனக்குத் தெம்பு இல்ல சார். ஆராய்ச்சியை விட்டுடலாம்னு வந்தேன். போறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த அமினோ அமிலம் ஒரு வேலையும் செய்யலியே. அப்புறம் அங்க நின்னுக்கிட்டு என்னதான் பண்ணிட்டு இருந்துச்சு?"

அவர் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினார்.

"சனிக்கிழமை நம்ம துறைக் கருத்தரங்கு மேடம். சாப்பாட்டு ஏற்பாட்டை நீங்க பாத்துக்கறீங்களா? நூறு பேர்தான்."

இவரெல்லாம் ஒரு மனுஷனா என்றிருந்தது அவளுக்கு. என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன், இவர் என்ன கேட்கிறார்! ஆனாலும் பாழாய்ப்போன வாய் "ச" என்று தொடங்கிவிட்டது. பாதியில் நின்றது. கண் அந்தப் படத்துக்குப் போனது. எந்த வரிசையைப் பார்த்தாலும் குறி, நொதியின் சொந்த ஆர்.என்.ஏ. வரிசையில் மட்டும் மங்கல்.

"முடியாது சார்."

தன் குரல்தானா என்று அவளுக்கே திடுக்கிட்டது. மேஜையில் கிடந்த படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சனிக்கிழமை எனக்கு வேலை இருக்கு. மாத்தாத பழைய நொதியைப் பக்கத்துல வச்சு இதைத் திரும்பச் செஞ்சு பாக்கணும்."

"அதைத்தான் மேடம்," என்றார் ஜெபராஜ், "அது அங்க நின்னு பண்ணிட்டு இருந்துச்சு."