சிறந்த உழைப்பாளியின் நெற்றிப் பொட்டு

ரவிக்கை முதுகில் ஜன்னல் வைத்துத் தைக்கிற மோகம் புதிதாக வந்திருந்த காலம். கோபி கடைவீதி முக்கில் நாச்சிமுத்து என்பவர் ஒரு தையல் கடை வைத்திருந்தார். அந்தக் கடையில் காலால் மிதிக்கிற தையல் மிஷின் ஒருத்தி வேலை பார்த்தாள். வேலை பார்த்தாள் என்று சும்மா ஒப்புக்குச் சொல்லவில்லை. காலையில் ஷட்டர் தூக்கியதும் தலையைக் குனிந்தாள் என்றால் ஷட்டர் இறங்கும்போதுதான் நிமிர்வாள். எல்லோரும் அவளை மிஷினக்கா என்றே கூப்பிட்டார்கள்.

எல்லோரும் என்றால் பெரிய கூட்டமில்லை. துணி வெட்டும் கத்திரி ஒருவர், அண்ணன் முறை, கொஞ்சம் வீராப்பான ஆள். எண்ணெய்க் குப்பி ஒருத்தி, மூக்கு நீளம், வாய் அதைவிட நீளம். அப்புறம் இஞ்சு டேப்.

டேப் வெட்டுவதில்லை, தைப்பதில்லை. ஆனால் எந்நேரமும் நாச்சிமுத்துவின் கழுத்தில் தொங்குவதால் அவர் காதுக்கு மிகவும் பக்கத்தில் இருந்தார். டேப் காதோரம் முணுமுணுப்பதையெல்லாம் நாச்சிமுத்து தன் சொந்த யோசனை என்றே நினைத்துக்கொள்வார். இந்த ஒரு தகுதியை வைத்துத்தான் டேப் அந்தக் கடையின் நலத்துறை அதிகாரி ஆனார்.

அவர் அதிகாரி ஆவதற்கு முன்னால் சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் எண்ணெய்க் குப்பி ஒரு சுற்று வருவாள். மிஷினக்காவின் நெற்றியில் இருக்கும் சின்ன ஓட்டையில் இரண்டு சொட்டு, கத்திரியண்ணனின் இரண்டு அலகும் சேருகிற மரையில் ஒரு சொட்டு. அவ்வளவுதான் அவர்கள் கேட்டது. ஒரு வாரம் அந்த எண்ணெயில் சுகமாக ஓடிவிடும்.

ஒரு சனிக்கிழமை அந்த இரண்டு சொட்டில் ஒன்று ஊசி வழியாக இறங்கி ஒரு கல்யாணப்பெண்ணின் பட்டு ரவிக்கையில் விழுந்தது. பெண்ணின் அம்மா கடைக்கு வந்து கத்திய கத்தலில் எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நாச்சிமுத்துவுக்கு மானமே போய்விட்டது. டேப் காதோரம் சொன்னார், "எண்ணெய நிறுத்திப்போடலாமுங்க. அதுக்குப் பதிலா மனசுக்கு ஏதாச்சும் செய்யலாம்."

குப்பி மேல் அலமாரிக்குப் போனாள். கீழே நலத்திட்டம் தொடங்கியது.

திட்டம் பெரிய திட்டம். சுவரில் 'நாம் அனைவரும் ஒரே குடும்பம்' என்று ஒரு அட்டை தொங்கியது. சனிக்கிழமை சாயங்காலம் எண்ணெய்க்குப் பதில் ஐந்து நிமிஷம் மூச்சுப் பயிற்சி. மூச்சு என்று ஒன்று இல்லாத கத்திரியண்ணன்கூட வாயைத் திறந்து திறந்து மூடினார். திங்கட்கிழமை தோறும் டேப் எல்லோருடைய மகிழ்ச்சியையும் அளந்தார். எப்படி அளந்தார் என்றால், இடுப்பைச் சுற்றித்தான். அவருக்குத் தெரிந்த அளவு அதுதானே.

"போன வாரம் இருபத்தெட்டு, இந்த வாரம் இருபத்தெட்டே கால். உங்க மகிழ்ச்சி ஏறுமுகமா இருக்குதுங்க அம்மிணி" என்றார் டேப்.

"அது மகிழ்ச்சி இல்லீங்க. உள்ள பஞ்சு அடைஞ்சு உப்பிக் கெடக்குது" என்றாள் மிஷினக்கா.

"எப்படியோ, ஏறுதுல்ல?"

மிஷினக்காவுக்கு வாய்ச்சண்டை வராது. அவள் நேரடியாகக் கேட்டாள். "ரெண்டு சொட்டு எண்ணெய் கெடைக்குமுங்களா? தண்டு தேயுது. மிதிக்கு மிதி வலிக்குது."

டேப் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். நன்றாகக் கேட்கிற பழக்கம் அவருக்கு உண்டு. "உங்க கோரிக்கைய நான் ரொம்ப மதிக்கிறேனுங்க. மனசு விட்டுச் சொன்னீங்க பாருங்க, அதுவே பாதி வலி கொறைஞ்ச மாதிரி."

அவர் அந்தப் பக்கம் போனதும் மிஷினக்கா அலமாரியை அண்ணாந்து பார்த்தாள். "குப்பி, நீயாச்சும் ஒரு சொட்டு விடேன்."

"உத்தரவு இல்லாம விட்டா என்னையக் கடைய விட்டே அனுப்பிப்போடுவாங்கக்கா. எனக்கு மட்டும் ஆசையா, உம்முனு இங்க குந்தியிருக்க?" என்றாள் குப்பி.

எண்ணெய் காயக் காய மிஷினக்கா கத்த ஆரம்பித்தாள். கீச், கடக், கீச், கடக். வலியில் வருகிற சத்தம் அது. ஒவ்வொரு தையலுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஓடினாள். ஆனால் சத்தத்துக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு அது வேறு மாதிரி கேட்டது.

ஆயுத பூஜை வந்தது. வருஷம் முழுவதும் வேலை வாங்கிய சாமான்களைத் துடைத்து வைத்து, அன்று ஒரு நாள் வேலை வாங்காமல் கும்பிடுகிற நாள். வழக்கமாக எல்லோருக்கும் ஆளுக்கொரு சின்னப் பொட்டு விழும். அந்த வருஷம் டேப் புதிதாக ஒன்று சேர்த்தார். ஆண்டின் சிறந்த உழைப்பாளிக்கு எட்டணா அகலத்தில் தனிப் பொட்டு, சக்கரத்தில் சாமந்தி மாலை.

"யாருன்னு எப்படிங்க முடிவு பண்ணுனீங்க?" என்று கத்திரியண்ணன் கேட்டார். தனக்கு வரும் என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு நப்பாசை.

"நான் மொதலாளி கழுத்துலயே இருக்கறனுங்க. அங்கிருந்து யாரு சத்தம் பெருசாக் கேக்குதோ, அவங்கதான் பெரிய உழைப்பாளி."

நாச்சிமுத்து சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து மிஷினக்காவின் நெற்றியில் அப்பினார். அதன் மேல் கட்டை விரலால் குங்குமத்தை அழுத்தி வைத்தார். நெற்றி என்றால் அவருக்கு மிஷினின் தலைக்கு நடுவிடம். எண்ணெய் ஓட்டை இருப்பதும் அதே இடம்தான்.

உண்மையைச் சொல்ல வேண்டும். மிஷினக்காவுக்கு அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவளை யாரும் உட்கார வைத்து மாலை போட்டதில்லை. கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டாள். நன்றாகத்தான் இருந்தாள்.

அதனால்தான் மறுநாள் வலி அதிகமானபோது அவளால் வாய் திறந்து கேட்க முடியவில்லை. இவ்வளவு பெரிய பொட்டை வைத்துக்கொண்டு எண்ணெய் கொடுங்கள் என்று கேட்டால், கொடுத்ததை மதிக்காதவள் என்று ஆகிவிடாதா? சக்கரத்தில் சாமந்தி வாடி உதிர்ந்தது.

தீபாவளிக்கு ஒரு வாரம். கடையில் நாற்பது ரவிக்கை குவிந்து கிடந்தது. மிஷினக்கா கத்துவது தெருமுனை வரை கேட்டது. கடைசியில் நாச்சிமுத்துவே சலித்துப்போய் அலமாரியிலிருந்து குப்பியை எடுத்தார். குப்பிக்குத் தாங்க முடியாத சந்தோஷம். மூக்கை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். இரண்டு சொட்டு விட்டாள். எண்ணெய், இறுகிப்போன சந்தனத்தின் மேல் விழுந்து, வழுக்கி, பக்கவாட்டில் வழிந்து மேசைக்குப் போனது.

"அக்கா, உள்ள எறங்க மாட்டேங்குது" என்றாள் குப்பி. அவள் குரல் அழுகிற மாதிரி இருந்தது.

டேப் காதோரம் நிதானமாகச் சொன்னார். "பாத்தீங்களா? எண்ணெய் குடுத்தும் சத்தம் நிக்கல. கோளாறு மிஷின்ல இல்லீங்க, மனப்பான்மைல."

மறுநாள் காலை பதினோரு மணிக்கு மிஷினக்கா நின்றுவிட்டாள். மிதித்தால் மிதி இறங்கவில்லை. சக்கரத்தைக் கையால் தள்ளினாலும் அசையவில்லை. நாச்சிமுத்து தலையில் கை வைத்து உட்கார்ந்தார். "இனி இதப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு கரண்டு மிஷின்தான் வாங்கோணும் போல" என்றார். அவள் காது கேட்கத்தான் சொன்னார்.

பயம் என்றால் என்னவென்று மிஷினக்காவுக்கு அன்றுதான் தெரிந்தது. இரும்புக் கடையில் எடை போடும் இடத்தை அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். அங்கே போனவர்கள் யாரும் திரும்பித் தைத்ததில்லை. டேப் மெதுவாக இறங்கி வந்து அவள் கழுத்தைச் சுற்றினார்.

"என்னங்க பண்றீங்க?"

"பிரிவு உபசார மாலைக்கு அளவு எடுக்கறனுங்க அம்மிணி. நம்ம குடும்பத்துல யாரையும் வெறுங்கழுத்தோட அனுப்ப மாட்டோம்."

விலை பேசுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நாச்சிமுத்து மெக்கானிக் சாதிக்கைக் கூப்பிட்டிருந்தார். சாதிக் வந்தார், குனிந்து பார்த்தார், சக்கரத்தை ஒருமுறை ஆட்டினார். பிறகு ஒரு கோணி ஊசியை எடுத்து மிஷினக்காவின் நெற்றியில் குத்தி நெம்பினார். காய்ந்த சந்தனமும் குங்குமமும் ஒரே கட்டியாகப் பெயர்ந்து வந்தது.

"யாருங்க இந்த ஓட்டைய அடைச்சது?"

"அடைக்கலீங்க. பொட்டு வெச்சேன். ஆயுத பூஜைக்கு நெத்தியிலதான வெப்பாங்க?" என்றார் நாச்சிமுத்து.

"மருவாதி பண்றது நல்லதுதாங்க. அது எண்ணெய் குடிக்கற வாயிங்க. அதுல போயி வெச்சிருக்கீங்க." சாதிக் உள்ளே நூலும் பஞ்சுமாகச் சுருண்டு கிடந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஐந்தாறு சொட்டு விட்டு, சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டினார். "வாரா வாரம் விடுங்க."

"துணியில கறை ஆகுதுங்களே."

"எண்ணெய் விட்டதும் ரெண்டு நிமிஷம் கழிவுத் துணியில ஓட்டுங்க. மிச்சம் அதுல எறங்கிரும். அப்புறம் பட்டு தைங்க. இது ஒரு விஷயமா?"

மிஷினக்காவுக்கு உள்ளே எண்ணெய் இறங்கிக்கொண்டிருந்தது. தண்டு, பல், மூட்டு என்று ஒவ்வொன்றாக நனைந்து இளகியது. அழவேண்டும் போல இருந்தது அவளுக்கு. அழுவதற்குப் பதில் ஓடினாள். நாற்பது ரவிக்கையும் தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானத்துக்குள் முடிந்தன. டேப் அந்தக் கழிவுத் துணி யோசனைக்குத் 'தூய்மை நலத் திட்டம்' என்று பெயர் வைத்துச் சுவரில் இன்னொரு அட்டை மாட்டினார். யாரும் தடுக்கவில்லை. அட்டை மாட்டினால் எண்ணெய் குறைந்துவிடப் போவதில்லையே.

அதற்கப்புறம் குப்பி மேசையோரம் குடிவந்தாள். மிஷினக்கா எவ்வளவு வேகமாக ஓடினாலும் சத்தமே கேட்பதில்லை. அடுத்த ஆயுத பூஜைக்கு டேப் கழுத்தில் தொங்கியபடி காதைத் தீட்டிக் கேட்டுப் பார்த்தார். மிஷின் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை.

"நம்ம மிஷினம்மிணி இந்த வருஷம் அவ்வளவா உழைக்கலீங்க" என்றார்.

முன்பு வாங்கிய பரிசை இழந்தால் யாருக்கும் சுருக்கென்று இருக்கும். மிஷினக்காவுக்கும் ஒரு நொடி அப்படித்தான் இருந்தது. பிறகு தன் தண்டை ஒருமுறை அசைத்துப் பார்த்தாள். வலி இல்லை. அவளுக்கு அது போதும்.

அந்த வருஷப் பரிசு கத்திரியண்ணனுக்கு. சாதிக் சொன்ன எண்ணெய் மிஷினுக்கு மட்டும்தான் என்று டேப் விளக்கம் சொல்லியிருந்ததால் ஒரு வருஷத்துக்கு மேலாக அவர் மரையில் ஒரு சொட்டுகூட விழவில்லை. வாயைத் திறக்கும்போதெல்லாம் கறக் கறக் என்று கடை அதிர்ந்தது. அந்த மரையின் மேலேயே நாச்சிமுத்து கெட்டியாகச் சந்தனத்தை அப்பிக் குங்குமத்தை அழுத்தினார். அண்ணன் மாலையோடு நெஞ்சை நிமிர்த்தி நின்றார். அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் யாரும் பார்த்ததில்லை.

மிஷினக்கா குப்பியின் பக்கம் குனிந்தாள். "அண்ணன்கிட்டப் போ."

"உத்தரவு வரலியேக்கா."

"உத்தரவு மெதுவா வரட்டும். நீ பொட்டுக் காயறதுக்குள்ள போ."