ஒரே தடவை அடிக்கும் கேமரா

"என் பொண்ணு அவ அம்மா படம் ஒண்ணு அனுப்பச் சொன்னா. என்கிட்ட இல்ல" என்றான் சென்றாயன்.

ஜெசிந்தா களத்தில் காயும் காப்பிக் கொட்டையைக் காலால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நீங்க போட்டோகிராபர்னு சொன்னாங்களே."

"இருபத்தேழு வருஷமா. வத்தலக்குண்டுல ஸ்டூடியோ. சுத்துப்பட்டுல நான் எடுக்காத கல்யாணம் கிடையாது."

"அப்புறம்?"

அப்புறம் என்ன. விளக்குக்கு அடியில் இருட்டு என்பார்கள். பதினாலு ஹார்ட் டிஸ்க் நிறைய ஊர்ப் பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மனைவி ரெங்கநாயகியின் படம் மட்டும் கல்யாண ஆல்பத்தோடு முடிந்துவிட்டது.

அந்த ஆல்பம்தான் வினை. மணவறையில் உட்கார்ந்திருந்தபோதும் சென்றாயனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. லைட் பிடித்தவனுக்கு யோசனை சொல்லிக்கொண்டே இருந்தான். தாலியைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் மேல தூக்குப்பா" என்றான்.

ஆல்பம் வந்தது. எல்லாப் படத்திலும் பெண் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரெங்கநாயகி அதை பீரோ மேல் போட்டாள். அதற்குப் பிறகு அவன் கேமராவைத் தூக்கினால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

மகள் ஈரோட்டிலிருந்து கேட்ட பிறகு இவன் கெஞ்சினான். ரெங்கநாயகி சொன்னாள்: "உங்க கேமரா சரவெடி மாதிரி படபடன்னு அடிக்கும். ஒரே ஒரு தடவை அடிக்கிற கேமரா இருந்தா கொண்டாங்க, உக்கார்றேன். ஒரே தடவைதான். அதுக்கப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது."

தட்டிக்கழிக்கத்தான் சொன்னாள். அவன் விசாரித்துக்கொண்டு தாண்டிக்குடிக்கு பஸ் ஏறிவிட்டான். அங்கே ஜெசிந்தா என்று ஒருத்தி பெரிய மரக் கேமராவில் மாதத்துக்கு இரண்டு படம் எடுக்கிறாள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"கத்துக் குடுக்கணும் டீச்சர்."

"நாளைக்கு வாங்கண்ணே."

சிஷ்யனுக்கு ஐம்பத்திரண்டு வயது. குருவுக்கு முப்பத்தாறு. அதில் இருவருக்கும் குறை ஒன்றுமில்லை.

*

ஆறு நாள் பிலிமே கிடையாது. தலைக்கு மேல் கறுப்புத் துணியைப் போட்டுக்கொண்டு கேமராவின் பின்கண்ணாடியில் பலாமரத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

"தலைகீழாத் தெரியுது டீச்சர்."

"ஆமா."

அவன் கழுத்தை வளைத்து, இடுப்பை வளைத்து, கடைசியில் கேமரா ஸ்டாண்டையே ஆட்டிவிட்டான்.

"மரம் நேராத்தான் நிக்குது. நீங்களும் நேரா நில்லுங்கண்ணே."

ஆறாம் நாள் சாயங்காலம் ஒரு தட்டையான பெட்டியைக் கொண்டுவந்தாள். ஸ்லேட்டு அளவுதான் இருந்தது. உள்ளே பிலிம். வெளிச்சம் படாமல் இருக்க அதன்மேல் ஒரு கறுப்புத் தகடு.

"கண்ணாடில பாருங்க. லென்ஸை மூடுங்க. பெட்டியச் சொருகுங்க. தகட்டை உருவுங்க. அமுக்குங்க. மறுபடி தகட்டைச் சொருகுங்க."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"ரெண்டு பிலிமா வச்சுக்கலாமா? ஒரு பாதுகாப்புக்கு."

"அக்கா எத்தனைன்னு சொன்னாங்க?"

அவன் பெட்டியை வாங்கிக்கொண்டான். ஒரு கல்யாணத்துக்கு நாலாயிரம் படம் எடுக்கிறவனுக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

*

மறுநாள் காலை பஸ்ஸில் ரெங்கநாயகி வந்தாள். பட்டுச் சேலை கட்டச் சொல்லியிருந்தான். அவள் வழக்கமான நூல் சேலையில் வந்திருந்தாள். பலாமரத்தடியில் போட்டிருந்த முக்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அஞ்சே நிமிஷம்."

துணிக்குள் புகுந்தான். கண்ணாடியில் அவள் தலைகீழாக உட்கார்ந்திருந்தாள். முகம் கூர்மையாகும்வரை திருகினான். லென்ஸை மூடினான். பெட்டியைச் சொருகினான். சொருகியதும் உள்ளே இருட்டாகிவிட்டது.

அதற்குள் அவள் அசைந்திருப்பாளோ? பெட்டியை உருவினான். லென்ஸைத் திறந்து மறுபடி பார்த்தான். ஆமாம், அசைந்திருந்தாள். மறுபடி திருகினான். மறுபடி சொருகினான். மறுபடி இருட்டு.

இப்படியே நாலு தடவை. அஞ்சு நிமிஷம் முக்கால் மணியானது. துணிக்குள்ளிருந்தே, முக்காடு போட்ட குரலில் கூப்பிட்டான்.

"டீச்சர், உள்ள ஒண்ணும் தெரியலயே."

"பிலிம் போட்டா தெரியாது."

"அப்ப எதைப் பார்த்து அமுக்குறது?"

"அவங்க வெளியதானே உக்காந்திருக்காங்க."

சென்றாயன் தலையை வெளியே எடுத்தான். கலைந்த முடியோடு கேமராவின் பக்கத்தில் வந்து நின்றான். அமுக்கும் ஒயர் கையில் இருந்தது. இடையில் எந்தக் கண்ணாடியும் இல்லாமல் நிற்பது அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

"கொஞ்சம் ஸ்மைல்..."

"அதெல்லாம் வேண்டாம்" என்றாள் ரெங்கநாயகி.

சரி என்று விட்டான். வேறு வழியில்லாமல் பார்த்தான்.

இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு. கம்ப்யூட்டரில் கல்யாணப் பெண்களின் முகத்திலிருந்து மருவும் தழும்புமாகப் பல்லாயிரம் துடைத்திருக்கிறான். இதை அவன் பார்த்ததில்லை.

"அது எப்ப பட்டது?"

"எது?"

"புருவத்துல."

"மூணு வருஷமாச்சு. குக்கர் மூடி."

"எங்கிட்ட சொல்லலயே."

"சொன்னேன். சரி சரின்னீங்க. ஆல்பம் வேலையா இருந்தீங்க."

அவனுக்கு முகம் சுருங்கிப்போனது. கேமராவுக்குப் பின்னால் போய்விடலாமா என்று இருந்தது. போனால் அங்கே இருட்டுதான். அதனால் அங்கேயே நின்றான்.

"தையல் போட்டாங்களா?"

"மூணு."

"தனியாவா போன?"

"பக்கத்து வீட்டுச் செல்வராணி வந்தா."

ஜெசிந்தா களத்துப் பக்கம் போய்விட்டாள். மலையில் வெயில் ஏறியது. ரெங்கநாயகி அவனையே பார்த்தாள். அவளும் பார்த்து வெகுநாள் ஆகியிருக்க வேண்டும்.

"உங்களுக்குக் கண்ணுக்குக் கீழ தொங்கிப்போச்சு" என்றாள்.

"ம்."

"தூங்குறதே இல்ல நீங்க."

அவன் எதையும் சரிசெய்யச் சொல்லவில்லை. அவளும் சேலையை இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை. அவள் முகத்தில் இத்தனை வருஷமாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று மெல்ல இளகியது. சென்றாயனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. கட்டைவிரல் தானாக அமுக்கியது.

டிக்.

அவ்வளவு சின்னச் சத்தம். ஆனால் அவனுக்குத் தெரிந்துவிட்டது. இருபத்தேழு வருஷத்தில் இப்படி ஒரு படம் அவனுக்கு அமைந்ததில்லை.

பழக்கதோஷத்தில் கேமராவின் முதுகில் படத்தைத் தேடினான். பிறகு ஞாபகம் வந்து சிரித்துக்கொண்டே, தகட்டைத் திரும்பச் சொருக வேண்டுமே என்று தேடினான்.

தகடு பெட்டியில்தான் இருந்தது. அவன் அதை உருவவே இல்லை.

*

ஜெசிந்தா வந்தபோது அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். அவள் பெட்டியை எடுத்துப் பார்த்தாள். முந்தானையால் தூசியைத் துடைத்தாள்.

"பிலிமுக்கு ஒண்ணும் ஆகலண்ணே. அப்படியே இருக்கு."

"பிலிம் இருக்கு டீச்சர். அவ ஒரு தடவைன்னு சொல்லித்தான் வந்தா."

ஜெசிந்தா கறுப்புத் துணியை உதறி மடிக்க ஆரம்பித்தாள்.

"என்னங்க ஆச்சு?" என்றாள் ரெங்கநாயகி.

"படம் விழல."

"ஒண்ணுமே விழலயா?"

"ஒண்ணுமே விழல. மேல இருந்த தகட்டை உருவ மறந்துட்டேன். உன்னையவே பாத்துக்கிட்டிருந்ததுல..." மேலே சொல்ல அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "நீ சொன்ன ஒரு தடவை முடிஞ்சுபோச்சு. இனி கேக்க மாட்டேன்."

ரெங்கநாயகி எழுந்தாள். மரத்துப்போன காலை ஒருமுறை உதறினாள். செருப்பைப் போட்டுக்கொண்டாள். கீழே வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. அவள் நேரே ஜெசிந்தாவிடம் போனாள்.

"ஏன் தங்கச்சி, நாளைக்கும் இந்நேரத்துக்கு இங்க வெயில் இப்படித்தான் அடிக்குமா?"