நுரைக்காத துண்டு

பிப்ரவரி 26, காலை பத்தரை மணிக்கு, பதினேழு வியாபாரிகள் முன்னிலையில், செங்கமலத்தின் சலவைத்தூள் விசாரணைக்கு வந்தது. பூந்திக்கொட்டையும் சலவைச் சோடாவும் சேர்த்து வீட்டிலேயே அரைத்து, சந்தையில் கடை போட்டு விற்பவர் அவர். வியாபாரிகள் சங்கத் தலைவர் சிங்காரவேலுவோ ‘பளிங்கு’ பவுடருக்கு மொத்த ஏஜென்ட்.

"நுரையே நிக்காத தூளு எப்படிம்மா அழுக்கை எடுக்கும்? இங்கேயே, இப்பவே நிரூபி. இல்லேன்னா கடையைக் காலி பண்ணு" என்றார் தலைவர். "எங்க பவுடரைப் பாரு. நாலு தடவை அலசினாலும் துணியில நுரை நிக்கும்!"

"உங்க வேட்டி துண்டெல்லாம் அதுலதான் துவைக்கிறதாங்கய்யா?"

"பின்னே? இந்த வெளுப்பு வேற எதுல வரும்?"

"அப்போ தோள்ல கிடக்கிற அந்தத் துண்டைக் கொஞ்சம் குடுங்க."

செங்கமலம் துண்டை ஒரு வாளி நல்ல தண்ணீரில் முக்கி, கை வலிக்கக் கும்மினார். ஒரு குமிழிகூட எழவில்லை.

"வெளுப்பு நல்லாத்தான் இருக்குங்கய்யா. உங்க நுரையைத்தான் காணோம்."

மளிகைக்கடை ராவுத்தர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "தலைவரே, எதுக்கும் வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

பதினேழு பேரும் சிரித்தார்கள். தலைவர் ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டம் முடிந்தது என்றார். கடையைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை.

மார்ச் 9ஆம் தேதி, தலைவரின் மனைவி வசந்தா செங்கமலத்தின் கடையில் வழக்கமான இரண்டு கிலோவை வாங்கிப் போனார். இந்த முறை பையை முந்தானையால் மூடவில்லை.