கல்லில்லாத பள்ளம்

"ஒரு சின்னச் சொல்லுதானே தாயி? அதுக்கு இத்தனையா?"

சோலைராசு இப்படிக் கேட்டபோது அங்கம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அந்த மடத்துக்கு அவள்தான் குரு. வயதில் அவனைவிட இளையவள். அதனால் அவள் அவனை அண்ணே என்பாள். அவன் அவளைத் தாயி என்பான்.

மடம் இருந்தது ஒரு பெரும் பள்ளத்தின் விளிம்பில். ஆள் வெட்டிய பள்ளம் இல்லை. எந்தக் காலத்திலோ வானத்திலிருந்து ஒரு கல் விழுந்து உண்டானது. சட்டி மாதிரி வட்டமாக இருக்கும். அடியில் கொஞ்சம் தண்ணீர், சுற்றிலும் புல். ஆடு மேய்க்கிறவர்கள் பகலெல்லாம் அங்கேதான் கிடப்பார்கள்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. உச்சிவேளையில் சோறு வடித்ததும் ஒருவர் விளிம்பில் நின்று பள்ளத்தைப் பார்த்துக் கூப்பிட வேண்டும். "பசிச்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?" கீழே இருப்பவர்கள் ஏறி வந்து உட்கார்ந்த பிறகுதான் மடத்தில் மற்றவர்களுக்கு இலை விழும்.

கூப்பிடுகிறவன் குப்பாண்டி. அவனுக்குத் திக்குவாய். "ப... ப... பசிச்சவங்க" என்று தொடங்கி அவன் முடிப்பதற்குள் ரசம் ஆறிவிடும். ஆறட்டும் என்று இருப்பார்கள். யாரும் அவனை அவசரப்படுத்தியதில்லை.

சோலைராசு மடத்துக்குப் புதிது. அதற்கு முன்னால் நாடகத்தில் பபூன் வேஷம் கட்டியவன். யார் எப்படிப் பேசினாலும் அவன் நாக்கு அதை அப்படியே பிடித்துக்கொள்ளும். ஒருநாள் குப்பாண்டி கூப்பிட்டு முடித்ததும், அவனுக்குப் பின்னால் நின்று இவனும் கூப்பிட்டான்.

"ப... ப... ப... பசி!"

பள்ளம் அதை வாங்கி நாலு பக்கமும் திருப்பிச் சொன்னது. கீழே ஆட்டுக்காரர்கள் சிரித்தார்கள். சமையல்கட்டிலும் சிரித்தார்கள். சோலைராசுவுக்கு மேடை ஞாபகம் வந்துவிட்டது. இன்னொரு தடவையும் சொன்னான்.

அன்றைக்கு மூடியதுதான் குப்பாண்டியின் வாய். தண்ணீர் சுமந்தான், விறகு பிளந்தான், கேட்டதற்குத் தலையாட்டினான். பேச்சு மட்டும் இல்லை.

கூப்பிடும் வேலை சோலைராசு தலையில் விழுந்தது. மணி அடித்த மாதிரி கூப்பிட்டான். ஆட்டுக்காரர்கள் வந்தார்கள், சாப்பிட்டார்கள். அவர்களும் சிரித்தவர்கள்தானே? அவன் பரிமாற வந்தால் இலையைப் பார்த்தார்களே தவிர, அவன் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

"அவன்கிட்டப் பேசினீங்களாண்ணே?" பாத்திரத்திலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டாள் அங்கம்மா.

"பேசினேன் தாயி. விளையாட்டுக்குத்தான் சொன்னேன், மனசுல வச்சுக்காதேன்னேன். தலையாட்டிட்டுப் போயிட்டான்."

"ம்."

"நீங்க சொன்னாக் கேப்பான். ஒரே ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க. அவன் முகத்தைப் பார்த்துட்டு எனக்குச் சோறு இறங்கல."

அங்கம்மா கையைக் கழுவினாள்.

"பள்ளத்துல விழுந்த கல்லை எடுத்துட்டு வாங்கண்ணே. நான் சொல்றேன்."

கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். நட்டநடுவில் தோண்டினான். ஆட்டுக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"என்ன பபூன் சாமி, புதையலா?"

"ஆட்டுக்குத் தண்ணித் தொட்டி கட்டுறாருப்பா!"

அவன் கடப்பாரையை நிறுத்தவில்லை. பொழுது சாயச் சாயத் தோண்டினான். சேறு வந்தது. பொடிக்கல் வந்தது. கடைசியில் இடுப்புவரை சேறும் வெறுங்கையுமாக ஏறி வந்து நின்றான்.

"கல்லே இல்ல தாயி."

"இல்லதான். விழுந்த வேகத்துல, தரையைத் தொட்ட அந்த நொடியே ஆவியாப் போயிருச்சாம். ஆராய்ச்சி பண்ண வந்தவங்க இங்க சாப்பிட்டப்பச் சொன்னாங்க."

"தெரிஞ்சுமா என்னைத் தோண்ட விட்டீங்க?"

"அந்தச் சொல்லு சின்னதுன்னு சொன்னீங்களே. எவ்வளவு சின்னதுன்னு பார்க்கலாம்னுதான்."

அவனுக்குக் காது சுட்டது. ஆனாலும் விடவில்லை.

"நான் அவனுக்கு நேராச் சொல்லல தாயி. பின்னால நின்னு, ஓரமா, சும்மா..."

"பள்ளம் வட்டமாத்தானே இருக்கு?"

"ஆமா."

"கல்லு சரிஞ்சுதான் வந்திருக்கும்கிறாங்க. எப்படிச் சரிஞ்சு வந்தாலும் பள்ளம் வட்டமாத்தான் விழுமாம்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பாத்திரம் துலக்குகிற தட்டு பக்கத்தில் இருந்தது. அங்கம்மா அதில் செங்கல் பொடியைப் பரப்பினாள். அதன்மேல் அடுப்புச் சாம்பலைப் போட்டு மூடி, உள்ளங்கையால் தடவிவிட்டாள். சிவப்பு கண்ணுக்கே தெரியவில்லை.

"ஒரு கல்லை எடுத்து இதுல அடிங்கண்ணே."

அடித்தான். சாம்பல் தெறித்தது. நடுவில் ஒரு குழி. குழியைச் சுற்றி, வெள்ளைச் சாம்பலுக்கு மேலே, சிவப்பாகக் கிடந்தது.

"மேல கிடக்கிறது என்ன?"

"செங்கல் பொடி."

"எங்க இருந்துச்சு?"

"அடியில."

"நாம நிக்கிற இந்த விளிம்புப் பாறையும் அப்படித்தான். ஆழத்துல கிடந்தது, மேல வந்து கவிழ்ந்து கிடக்கு."

அவள் தட்டைப் பார்த்தபடியே பேசினாள்.

"குப்பாண்டி இங்க வந்தப்பப் பேச மாட்டான். சின்ன வயசுல ஒரு வாத்தியார் அவனைப் பெஞ்சு மேல ஏத்தி நிறுத்தி, பாடம் ஒப்பிக்கச் சொல்லி, பிள்ளைங்களையெல்லாம் சிரிக்க வச்சிருக்காரு. அன்னிக்கு மூடின வாயி. ஆளான பிறகு இந்தப் பள்ளத்துக்கிட்டத்தான் திறந்தான்."

"பள்ளத்துக்கிட்டயா?"

"அதுக்கு முகம் கிடையாதுல்ல. சிரிக்காதுன்னு நம்பினான்."

சோலைராசு தட்டின் பக்கம் குனிந்தான். சிவப்புப் பொடியை விரலால் தள்ளித் தள்ளிச் சாம்பலுக்குள் புதைக்கப் பார்த்தான். தள்ளத் தள்ள இரண்டும் கலந்ததுதான் மிச்சம். அங்கம்மா அடுத்த பாத்திரத்தை எடுத்தாள்.

மறுநாள் உச்சிவேளை. சோறு வடித்தாயிற்று.

சோலைராசு விளிம்பில் போய் நின்றான். கீழே ஆடுகள். புல்வெளியில் அண்ணாந்து பார்த்தபடி ஆட்கள். ஊர் ஊராக எத்தனையோ கூட்டத்துக்கு முன்னால் கத்தியவன் அவன். ஒருநாளும் குரல் கட்டியதில்லை.

வாயைத் திறந்தான்.

"ப..."

அதற்குமேல் சொல் வரவில்லை. எச்சிலை விழுங்கினான்.

"ப... ப..."

பள்ளம் திருப்பிச் சொன்னது. ப. ப. ப.

கீழே ஒருவரும் சிரிக்கவில்லை. ஐயோ, மறுபடியும் கேலி செய்கிறேன் என்றல்லவா குப்பாண்டி நினைப்பான்! திரும்பிப் பார்த்தான்.

குப்பாண்டி நின்றிருந்தான். தோளில் தண்ணீர்க் குடம்.

சோலைராசு கையெடுத்துக் கும்பிட்டான். இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினான். சொல்ல வேண்டியது எதுவும் வெளியே வரவில்லை. கண்ணீர்தான் வந்தது.

குப்பாண்டி அவன் வாயையே பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். பிறகு குடத்தை இறக்கி வைத்துவிட்டு, விளிம்புக்கு வந்து அவனுக்குப் பக்கத்தில் நின்றான்.

"மெ... மெதுவாண்ணே," என்றான். "அ... அவசரமில்ல."