அழித்த பென்சில் குறிப்புகள்

கோவை உக்கடத்தில் பழைய புத்தகத் தொழில் கற்க வந்த சென்னியப்பனுக்கு வயது அறுபத்தொன்று. ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். குரு பத்ருன்னிசாவுக்கு நாற்பத்து மூன்று. அட்டை போன புத்தகமானாலும் தாளைத் தடவிப் பார்த்தே எந்தக் காலத்து அச்சு என்று சொல்லிவிடுவார். அந்த விரல்களைப் பார்த்து அசந்துபோய்த்தான் சென்னியப்பன் சிஷ்யரானார்.

ஒருநாள் சென்னியப்பன் ஒரு புத்தகத்தைப் பெருமையாக நீட்டினார். எங்கே தேடினாலும் கிடைக்காத பழைய கீர்த்தனைப் புத்தகம், சுரக்குறிப்போடு.

"மூட்டையில கெடந்துச்சுங்க அம்மணி. பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கிறுக்கல். ரெண்டு நாளா உக்காந்து ரப்பர்ல அழிச்சுட்டேன். இப்பப் பாருங்க, புதுசாட்டம் இருக்குது."

பத்ருன்னிசா முதல் பக்கத்தைப் பார்த்தார். மையில் எழுதிய பெயர் அப்படியே இருந்தது: பாட்டு டீச்சர் அலமேலு.

"இது தமயந்தியோட அம்மா புத்தகமுங்க சார்."

அதைக் கேட்ட பிறகே சென்னியப்பனுக்கு உறைத்தது. தமயந்தி இரண்டு வருடமாகக் கடைக்கு வந்து கேட்டுக்கொண்டிருப்பவர். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று யாரோ பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்ட புத்தகம். அம்மா பாடிய விதமெல்லாம் அச்சில் இல்லை, ஓரத்தில் பென்சிலில்தான் இருக்கிறது என்பார். அம்மா இப்போது இல்லை.

"உள்ளதைச் சொல்ல வேண்டாமுங்க அம்மணி. எழுத்து தானா மங்கிப்போச்சுன்னு சொல்லிக்கலாம். பேராவது மிஞ்சியிருக்குதே."

பத்ருன்னிசா நின்ற இடத்திலேயே போனை எடுத்தார்.

"தமயந்தி, உங்க அம்மா புத்தகம் கெடைச்சிருச்சுங்க. ஆனா அவங்க எழுதினதை எங்க கடையில தெரியாம அழிச்சுட்டோம். காலையில வாங்க."

அழிச்சுட்டோம் என்றுதான் சொன்னார். சென்னியப்பன் பெயரை எடுக்கவே இல்லை. எத்தனை பேருக்கு வரும் அந்த மனசு! புத்தகத்தை மேசைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு அடுத்த மூட்டையைப் பிரித்தார்.

காலையில் தமயந்தி வந்தார். வெறும் ஓரங்களைப் புரட்டப் புரட்ட முகம் வாடிக்கொண்டே போனது.

"நான்தானுங்க அழிச்சேன்" என்றார் சென்னியப்பன்.

பத்ருன்னிசா தமயந்தியைக் கடை வாசலுக்குக் கூட்டிப்போனார். சாய்ந்து விழுந்த வெயிலில் புத்தகத்தைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிச் சரித்துப் பிடித்தார். வெறும் தாளில் எழுத்துகள் பள்ளம் பள்ளமாகத் தெரிந்தன.

"ஐயோ, அம்மா!" என்றார் தமயந்தி. "எப்பவும் அழுத்தித்தான் எழுதுவாங்க. பென்சில் முனை ஒடிஞ்சுட்டே இருக்கும்."

அழுதுகொண்டே சிரித்தார். பஸ் ஹாரன்களுக்கு நடுவே ஒரு வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் பாடியும் பார்த்தார். பிறகு புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கிளம்பினார்.

சென்னியப்பனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"வெயில்ல சரிச்சாத் தெரியுதுன்னு நேத்தே பாத்துட்டுத்தான் போன் பண்ணுனீங்களா அம்மணி?"

"இல்லைங்க சார். நானும் அவங்க கூடத்தான் பாத்தேன்."