இருவாச்சி ஊட்டிய மரநாய்

மலைக்காட்டில் ஓர் ஆண் இருவாச்சிப் பறவை இருந்தது. அதன் துணை இறந்து இரண்டாவது கோடை நடந்துகொண்டிருந்தது.

இருவாச்சிகளின் குடும்ப வழக்கம் சற்று வேறுமாதிரியானது. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை ஒரு மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு மட்டும் விடும். உள்ளே அதன் சிறகுகள் உதிர்ந்து புதிதாக முளைக்கும். அதுவரை பறக்க முடியாது. ஆண்தான் பழம் கொண்டுவந்து இடுக்கு வழியாக ஊட்ட வேண்டும்.

அப்படி அடைந்திருந்தபோதுதான் அந்தப் பெண் பறவை ஒருநாள் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. பறக்க முடியாமல் கீழே விழுந்தது. செந்நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. ஏன் உடைத்தது என்று காட்டில் யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் ஆண் இருவாச்சி மண் குழைத்து வந்து, உடைந்த சுவரைத் தானே பூசியது. இடுக்கும் விட்டது. பிறகு அந்தப் பொந்துக்குப் பழம் கொண்டுவர ஆரம்பித்தது.

முதல் கோடையில் யாரும் எதுவும் சொல்லவில்லை. துக்கம் அப்படித்தான், போகப்போகச் சரியாகும் என்று விட்டுவிட்டார்கள். இரண்டாவது கோடையிலும் அது நிற்கவில்லை. கூட்டம் தங்கும் மரத்துக்கு இருவாச்சி போவதில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. பறித்த பழத்தில் தான் விழுங்குவது அபூர்வம்.

ஒரு கருமந்தி துணிந்து பேச்செடுத்தது.

"இன்னும் எத்தனை நாளைக்கு அண்ணே இப்படி? வேற ஒருத்தியைப் பாருங்க. பழசை மறந்துடுங்க!"

இருவாச்சி பறந்து போய்விட்டது. அதன் பிறகு கருமந்திகள் இருக்கும் பக்கமே போகவில்லை.

அடுத்து, இறந்தவளின் தம்பி வந்தது.

"மச்சான், மேகம் ஏறிடுச்சு. இங்கே அத்திப்பழம் முடியப்போகுது. நாங்க மேற்குப் பள்ளத்தாக்குக்குக் கிளம்புறோம். வாங்க போகலாம்!"

"நான் வந்துட்டா யார் ஊட்டுறது?"

"யாருக்கு மச்சான்?"

இருவாச்சி பொந்தின் பக்கம் திரும்பிக்கொண்டது.

"போன மழைக்கு இங்கேயே கிடந்து பாதி உடம்பு போயிடுச்சு. இந்த மழையைத் தாங்கமாட்டீங்க. முதல் மழை இறங்கறவரைக்கும் காத்திருக்கோம். அதுக்குமேல குஞ்சுகளை வச்சுக்கிட்டு எங்களால முடியாது!"

உண்மையில் அந்தப் பொந்து காலியாக இல்லை. மரத்தின் பின்பக்கப் பொத்தல் வழியாக ஒரு மரநாய் புகுந்து குடியேறியிருந்தது. இரவெல்லாம் மரத்துக்கு மரம் அலைந்து பழம் தேட வேண்டிய, பூனை போன்ற பிராணி. படுத்த இடத்துக்கே பழம் வரும்போது யார் அலைவார்கள்? இடுக்கில் வாயை வைத்தால் போதும். நன்றாகக் கொழுத்திருந்தது.

ஒருநாள் மத்தியானம் இடுக்கில் நுழைந்த அலகு நடுங்கியது. பழம் நழுவி வெளியே விழுந்தது. மரநாய் எட்டிப் பார்த்தது. எலும்பும் இறகுமாக ஒரு பறவை கிளையைப் பிடிக்கவே சிரமப்பட்டுக்கொண்டிருந்தது.

'இது செத்தால் நம் சாப்பாடு போச்சே!' என்று மரநாய் கவலைப்பட்டது. 'மழைக்கு எங்கேயாவது போய்ப் பிழைத்துக்கொண்டால், அடுத்த கோடையிலாவது நமக்குப் பழம் உண்டு.'

கணக்குப் போட்டுவிட்டு வாயைத் திறந்தது.

"ஓய், இருவாச்சி! நீ சாப்பிட்டாயா?"

பொந்துக்குள்ளிருந்து குரல் வந்ததே என்று இருவாச்சி திடுக்கிடவில்லை.

"நீ உள்ளே இருக்கிறது எனக்குத் தெரியும்."

"தெரிந்துமா ஊட்டினாய்? நான் உன்னை ஏமாற்றுகிறேன் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!"

"நான் நீட்டினால் உள்ளே ஒரு வாய் வாங்கிக்கொள்கிறது. இல்லாவிட்டால் நான் எங்கே போவேன்?"

மரநாயோ காரியத்தில் கண்ணாக இருந்தது.

"இனிமேல் நீ ஒரு பழம் விழுங்கினால்தான் நான் ஒரு பழம் வாங்குவேன். அப்புறம், உள்ளே எனக்குப் பொழுது போகவில்லை. அவள் எப்படிப்பட்டவள்? சொல்லு!"

இத்தனை நாளில் இதைக் கேட்டவர் யாருமில்லை. இருவாச்சி தயங்கித் தயங்கி ஆரம்பித்தது.

"கோபக்காரி. அத்திப்பழம் கொஞ்சம் காயாக இருந்தால் என் மூஞ்சியிலேயே துப்புவாள்."

"நல்லது! என்னைவிடக் கஷ்டமான ஆசாமி!"

இருவாச்சி ஒரு பழத்தை விழுங்கியது.

பேச்சு நாள்தோறும் நீண்டது. ஒருநாள் மரநாய் கேட்டது, "சரி, ஏன் சுவரை உடைத்தாள்?"

இருவாச்சி அலகிலிருந்த பழத்தைக் கிளையில் வைத்தது. பிறகு சொன்னது: "அன்றைக்கு அத்திமரத்தில் ஒரு கிளைக்காக இன்னொருவனோடு சண்டை. பறந்து பறந்து அவன் மூக்கில் மோதினேன். விட மனசில்லை. கடைசியில் நான்தான் ஜெயித்தேன். திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பசி பொறுக்காமலோ, என்னைத் தேடியோ, உடைத்திருக்கிறாள்."

"நீ தாமதமாக வந்தாய். அது உண்மை. கவ்வியது செந்நாய். அதுவும் உண்மை. இரண்டையும் ஒன்றாக்கித் தொண்டையில் வைத்துக்கொண்டிருக்கிறாய். பழம் எப்படி இறங்கும்?"

அன்று மாலை முதல் மழை இறங்கியது. தூரத்தில் தம்பியின் குரல் கேட்டது. "மச்சான்! மச்சான்!"

"சுவரை உடைத்துவிட்டுப் போ," என்றது மரநாய். "எனக்கும் புழுங்குகிறது."

இருவாச்சி நெடுநேரம் நனைந்துகொண்டு நின்றது. பிறகு அலகால் குத்தியது. மண் உதிர்ந்தது. உள்ளே மரநாயின் படுக்கை தெரிந்தது. அவள் உதிர்த்த சிறகுகள். பழச்சாறு பட்டு, மிதிபட்டு, மரநாயின் முடியோடு கலந்து கிடந்தன. அவற்றைப் பார்த்ததும் இருவாச்சி முதல்முறையாக வாய்விட்டு அழுதது. மரநாய் பொந்தின் உள்பக்கம் திரும்பிக்கொண்டது.

கூட்டம் மேற்கே பறந்தது. இருவாச்சி கடைசியாகப் பறந்தது. அதன் பக்கத்தில் ஓர் இடம் வெறுமையாகவே இருந்தது. அடுத்த நாளும் அப்படித்தான் இருந்தது.

பள்ளத்தாக்கில் அது தனிக் கிளையில் உட்கார்ந்தது. மச்சினன் வந்து அருகில் அமர்ந்தது. கருமந்தி மாதிரி மறக்கச் சொல்லவில்லை. மற்றவர்களோடு சேரச் சொல்லவும் இல்லை.

"மச்சான், அக்கா சின்ன வயசிலே காயான அத்தியைத் துப்புவா. என் மூஞ்சியிலதான்!"

இருவாச்சி திரும்பிப் பார்த்தது. "உன் மேலேயுமா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு பழத்தைப் பறித்து விழுங்கியது.

ஆண்டுகள் போயும் ஆறாத துக்கத்தில் இருப்பவரிடம் மறந்துவிடு என்று சொல்லாதீர்கள். இறந்தவரைப் பற்றிக் கேளுங்கள், சொல்லி முடிக்கும்வரை கூடவே உட்கார்ந்திருங்கள்.