சும்மா எங்கே இருக்கிறது?

ஒரு பெரிய பட்டணத்தின் ஓரத்தில் ஒரு குளம். குளத்தைச் சுற்றிக் கருவேலங்காடு. அந்தக் காட்டில் ஒரு நரி இருந்தது. பட்டணத்தைச் சுற்றிக் காட்டுவதுதான் அதன் தொழில்!

காட்டு மிருகங்களுக்கெல்லாம் பட்டணம் பார்க்க ஆசை. ஆனால் வழி தெரியாது. அதனால் நரியைத் தேடிப் போகும். "சேர்த்து வெச்ச தீனியில பாதியை எடு. கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லும் நரி. தீனி கைக்கு வராமல் ஓர் அடி எடுத்து வைக்காது.

அந்த நரி அறியாத தந்திரம் இல்லை. அறியாத சொல் மட்டும் ஒன்று இருந்தது. அது 'சும்மா' என்ற சொல். நரி யாருக்கும் எதையும் சும்மா கொடுத்ததில்லை. யார் வீட்டையும் சும்மா எட்டிப் பார்த்ததில்லை. யாரோடும் சும்மா உட்கார்ந்து பேசியதில்லை. அந்தச் சொல் அதன் காதில் எப்படி ஏறும்?

அந்தச் சமயத்தில் காட்டுப்பன்றி பட்டணம் போய் வந்தது. அதன் கிழங்கில் பாதி நரிக்குப் போயிற்று. ஆனாலும் பன்றியின் பெருமைக்குக் குறைவில்லை.

"கண்ணாடி மாளிகை பார்த்தேன்! வானம் வரைக்கும் கண்ணாடி! உங்களுக்கெல்லாம் சொன்னாப் புரியாது!" என்று குளக்கரை முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தது.

அதைக் கேட்டதிலிருந்து முயலின் மூன்று குட்டிகளும் அம்மாவைப் பிய்த்து எடுத்தன. "பட்டணம் போகணும்! பட்டணம் போகணும்!" கடைக்குட்டி புல்லைத் தொடவே மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

முயலிடம் ஒரு குவியல் வேர்க்கடலை இருந்தது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வளையை விட்டுத் தலை நீட்ட முடியாது. அப்போது அந்த நாலு உயிருக்கும் சாப்பாடு அதுதான். பாதி போனால் கார்த்திகையில் பட்டினி. ஆனால் பெற்ற மனசு கேட்குமா? முயல் பாதிக் கடலையைப் பூவரச இலையில் கட்டித் தூக்கிக்கொண்டு நரியைப் பார்க்கக் கிளம்பியது.

வழியில் மூஞ்சூறு வந்தது. தினமும் பட்டணம் போய் வரும் மூஞ்சூறு அது. பட்டணத்துச் சுவரோரமெல்லாம் அதற்கு அத்துபடி.

"எங்கே முயலம்மா, மூட்டையும் முடிச்சுமா?"

"பிள்ளைங்க பட்டணம் பார்க்கணுமாம், அக்கா. நரிக்குக் கொடுக்கப் போறேன்."

"அடிப்பாவி! மழைக்கு என்ன பண்ணுவே?"

முயலுக்குக் கண் கலங்கிவிட்டது. "கடைக்குட்டி சாப்பிடவே மாட்டேங்குது. நான் என்ன செய்ய?"

"மூட்டையைக் கீழே வை! நாளைக்கு நான் கூட்டிட்டுப் போறேன்!" என்றது மூஞ்சூறு.

புதருக்குப் பின்னாலிருந்து நரி பாய்ந்து வந்தது. தன் பிழைப்பில் மண் விழுந்தால் யார்தான் பொறுப்பார்கள்?

"ஓகோ! மூஞ்சூறு தான் போக வழியைக் காணோமாம், விளக்குமாற்றையும் கவ்விக்கிச்சாம்! நீ நாலு பேரைக் கூட்டிட்டுப் போறியா? எங்கே கூட்டிட்டுப் போவே?"

"சும்மாதான், நரியண்ணே!"

"சும்மாவா? அது எந்தப் பக்கம் இருக்கு? நான் பார்த்ததே இல்லையே!"

மூஞ்சூறு திருதிருவென்று விழித்தது. விஷயம் புரிந்ததும் மீசைக்குள் சிரித்துக்கொண்டது. "நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. திரும்பி வந்ததும் பிள்ளைங்ககிட்டயே கேட்டுக்குங்க!"

"அப்படின்னா பந்தயம்! மூணு குட்டியில ஒண்ணு முகம் வாடித் திரும்பினாலும் கடலைக் குவியல் முழுக்க எனக்கு! பாதி இல்லை, முழுக்க! மூணும் சந்தோஷமா வந்தா ஒரு கடலைகூட வேண்டாம்!"

முயல் மூட்டையைப் பார்த்தது. மூஞ்சூறைப் பார்த்தது. "சரி" என்றது. மூட்டையை வளைக்கே திருப்பித் தூக்கிக்கொண்டு போயிற்று.

மறுநாள் விடியும் முன்பே கிளம்பிவிட்டார்கள். வாகனங்கள் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. மூஞ்சூறு முன்னால் ஓடியபடியே சொன்னது: "பிள்ளைங்களா, ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. கதவு வெச்சவன் கை நீட்டுவான். அதனால கதவு இல்லாத இடமாப் பாருங்க!"

முதலில் பூச்சந்தை. விற்காத பூவையெல்லாம் பின்புறம் மலை மாதிரி கொட்டியிருந்தார்கள். பெரிய குட்டிகள் இரண்டும் சாமந்திக் குவியலில் ஏறிச் சறுக்கின. சறுக்கிய கையோடு இரண்டு இதழைத் தின்றும் பார்த்தன. "அம்மா, இனிக்குது!"

கடைக்குட்டி மட்டும் மூலையில் உட்கார்ந்துவிட்டது. "எனக்குக் கண்ணாடி மாளிகைதான் வேணும்!"

முயல் அந்த வாடிய முகத்தைப் பார்த்தது. கடலை கையை விட்டுப் போனது போலத்தான்!

"அவ்வளவுதானே? வா, பார்த்துடலாம்!" என்றது மூஞ்சூறு.

மாளிகையின் பெரிய கதவு சாத்தியிருந்தது. கடைக்குட்டி மூக்கை அழுத்தி உள்ளே பார்த்தது. "அம்மா! உள்ளே ஒரு முயல் இருக்கு! அதுவும் அழுத மூஞ்சியா இருக்கு!"

"அது நீதான்டா!"

கடைக்குட்டி காதை ஆட்டிப் பார்த்தது. கண்ணாடி முயலும் காதை ஆட்டியது. "அப்படின்னா பன்றி மாமா பாதிக் கிழங்கைக் கொடுத்துத் தன் மூஞ்சியையா பார்த்துட்டு வந்தாரு?"

முயலுக்கு இருந்த கவலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "நம்ம குளத்துல தெரியாத மூஞ்சியா!" என்றது.

அடுத்து ஒரு பூங்கா. அங்கே வயதானவர்கள் வட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் ஒருவர் கையைத் தூக்கினார். உடனே எல்லோரும் வானத்தைப் பார்த்து, "ஹா! ஹா! ஹா!" என்று சிரித்தார்கள். யாரும் கதை சொல்லவில்லை. யாரும் வழுக்கி விழவும் இல்லை!

"மூஞ்சூறு பெரியம்மா, ஏன் சிரிக்கிறாங்க?" என்றது கடைக்குட்டி.

"சும்மா!"

"சும்மாவே சிரிக்கலாமா?"

"சிரிச்சுப் பாரேன்!"

கடைக்குட்டி "ஹா" என்றது. அண்ணன்கள் "ஹா ஹா" என்றார்கள். அவ்வளவுதான், அடக்க முடியவில்லை. மூன்றும் புல்லில் உருண்டன. முயலும் உருண்டது. கடலைக் கவலை எங்கே போயிற்றோ!

கடைசியில் கடல். அலை துரத்தியது, குட்டிகள் ஓடின. அலை திரும்பிப் போயிற்று, குட்டிகள் துரத்தின. "கடலுக்குக் கதவு உண்டா பார்த்தீங்களா?" என்று மூஞ்சூறு கத்தியது காற்றில் பாதிதான் கேட்டது.

பிறகு ஒரு கால்வாய் ஓரமாகவே காடு திரும்பினார்கள். குளக்கரையில் நரி நாக்கைத் தொங்கப்போட்டுக் காத்திருந்தது. மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தது. ஒன்றுகூட வாடவில்லை. பந்தயம் போயிற்று!

"எங்கேடா போனீங்க?"

"சும்மா!" என்றது கடைக்குட்டி.

"அங்கே எல்லாரும் என்ன பண்றாங்க?"

"சும்மா சிரிக்கிறாங்க!"

"அப்படியே போனா என்னென்ன வரும்?"

"பூச்சந்தை, பூங்கா, கடல்... எல்லாம் சும்மா, நரி மாமா!"

நரி வாயைப் பிளந்தது. 'அடேயப்பா! சும்மா என்பது அவ்வளவு பெரிய இடமா? இது தெரியாமல் கண்ணாடி மாளிகையைக் காட்டிக்கொண்டிருந்தேனே!' என்று நினைத்தது. மறுநாள் விடியும் முன்பே பாறைமேல் ஏறி ஊளையிட்டது.

"எல்லாரும் வாங்க! இன்னிக்குச் சும்மா கூட்டிட்டுப் போறேன்! சும்மா! சும்மா!"

காடே திரண்டது! மான், நாரை, கீரி, முள்ளம்பன்றி எல்லாம் நம்ப முடியாமல் ஓடி வந்தன. வளையில் கிடந்த உடும்புகூட வெளியே வந்தது. நரி வழியெல்லாம் காட்டியது. எல்லோரும் பூவில் புரண்டார்கள், பூங்காவில் சிரித்தார்கள், கடலில் நனைந்தார்கள். திரும்பி வந்ததும் நரி கையை நீட்டியது.

"பாதித் தீனியை எடுங்க!"

"என்னது?" என்றது நாரை. "நீதானே சும்மா கூட்டிட்டுப் போறேன்னு கத்தினே?"

"ஆமாம், சும்மாவைக் காட்டினேனா இல்லையா?"

"அட மடையா! சும்மான்னா எதுவும் வாங்காமன்னு அர்த்தம்!"

குளக்கரையே கொல்லென்று சிரித்தது. நரி திருதிருவென்று விழித்தது. காடு முழுக்கச் சாட்சி. சொன்ன சொல்லை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

அப்போது காட்டுப்பன்றி முன்னால் வந்தது. "நானும் உண்மையைச் சொல்லிடறேன். கண்ணாடியில என் மூஞ்சியைத்தான் பார்த்தேன். வெட்கத்துல வெளியே சொல்லலை. நரியே, என் கிழங்கைத் திருப்பிக் கொடு! இல்லேன்னா உன்னைச் சும்மா விடமாட்டேன்!"

"இந்தச் சும்மாவுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டது நரி.

பன்றி தன் கோரைப்பற்களைக் காட்டி விளக்கியது. நரிக்கு உடனே விளங்கியது. இருந்த கிழங்கையும் மற்றத் தீனியையும் உருட்டிக் கொண்டுவந்து போட்டது. யார் யாரிடம் வாங்கியதோ அவரவருக்கும் திருப்பிக் கொடுத்தது.

மிருகங்கள் மூஞ்சூறைப் பன்றியின் முதுகில் ஏற்றிக் குளத்தைச் சுற்றி ஊர்வலம் வந்தன. பழமொழியும் அன்றே மாறிப்போயிற்று. 'மூஞ்சூறு முன்னே போனால் விளக்குமாறும் பட்டணம் பார்க்கும்' என்றுதான் அங்கே இன்றும் சொல்கிறார்கள்.

ஐப்பசி வந்தது. மழை கொட்டியது. வளைக்குள் முயலும் குட்டிகளும் வயிறாரக் கடலை தின்றார்கள். நடுநடுவே கடைக்குட்டி கையைத் தூக்கும். உடனே எல்லோரும் "ஹா! ஹா! ஹா!" என்று சும்மா சிரிப்பார்கள்.

தேடத் தெரிந்தவர்களுக்கு எத்தனை பெரிய பட்டணத்திலும் இன்பம் சும்மாவே கிடைக்கும். எல்லாவற்றுக்கும் விலை கேட்பவனுக்கு அது கண்முன் இருந்தாலும் விளங்காது.